கொள்ளை என்று எழுதுவதற்கு முன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. உன்னோடு சண்டை போட ஆதாரம் தேவைப்பட்டது, அதைத் திரட்டிக்கொண்டிருந்தேன். நான்கு பக்கக் கடிதத்தில், குத்துச்சண்டை நடுவர்கள் வெற்றியைத் திருடி மற்றவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பொருளில், 'கொள்ளை' என்ற சொல்லை ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்துவிட்டேன். கடைசி இரண்டில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நீ கொதிப்பது ஜப்பான்காரர் ஜுன்தோ நகதானியின் சண்டைக்காக. அவர் வென்றது கொள்ளை என்று இவ்வளவு கோபமா! 2025 டிசம்பர் 27 அன்று ரியாத்தில் செபாஸ்டியன் எர்னாண்டஸ் அவரை ஓட ஓட விரட்டினார், உண்மைதான். பின்வாங்காமல் உடம்பிலும் தலையிலும் அடித்துக்கொண்டே வந்தார். கடைசி மணி அடித்தபோது வீங்கிய கண்ணோடு நின்றவர் நகதானிதான். பன்னிரண்டு ரவுண்டு, ரவுண்டை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்று கூட்டி, மூன்று நடுவர்களில் இரண்டு பேர் நகதானிக்கு 115-113 என்று கொடுத்தார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. நானே பார்த்துப் புள்ளி போட்ட என் தாளில் 114-114 வந்தது. அந்த மூன்றாவது நடுவரின் கார்டு, 118-110, அதற்கு மட்டும் நான் உன் பக்கம். பத்து ரவுண்டு நகதானிக்கு, இரண்டே ரவுண்டு எர்னாண்டஸுக்கு என்றால் அந்த மனிதர் எந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்? ஆனாலும் மாப்ளே, வென்றவர் சரி, கணக்கு தப்பு என்பது ஒன்று. கொள்ளை என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அடிக்கிறாய்.

நீ இதற்குச் சண்டைக்கு வருவாய் என்று தெரியும். அதனால்தான் நம்முடைய பழைய வழக்கைத் திரும்ப எடுத்தேன்.

ஆமாம், மார்வின் ஹேக்லர்–சுகர் ரே லெனர்ட், நடுவர்கள் லெனர்ட்டுக்குக் கொடுத்த சண்டை. 1987 ஏப்ரல் 6. வீடியோ கேசட்டில் தேயத் தேயப் பார்த்து, நீ லெனர்ட் கட்சி, நான் ஹேக்லர் கட்சி என்று பிரிந்து, ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தோமே, அதேதான். போன மாதம் உட்கார்ந்து மூன்று முறை பார்த்தேன். முதல் தடவை வர்ணனையோடு. இரண்டாவது தடவை ஒலியை அணைத்துவிட்டு. மூன்றாவது தடவையும் ஒலி இல்லை, ஆனால் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நிறுத்தி, யாருக்கு, ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அடுத்த ரவுண்டு.

முதல் தாள்: 115-113, ஹேக்லருக்கு. நாற்பது வருடமாக நான் சொல்லிவருவது அதுதானே.

இரண்டாவது தாள்: 115-113, லெனர்ட்டுக்கு.

மூன்றாவது: 114-114.

சிரிக்காதே. அந்த இரண்டாவது தாளை அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. முதல் இரண்டு ரவுண்டு மூன்று தாளிலும் லெனர்ட்டுக்கு. இடக்கை ஆட்டக்காரரான ஹேக்லர் எதற்காகவோ வலக்கை ஆட்டக்காரர் போல நின்று அவற்றைத் தாரை வார்த்தார். அது எனக்கு இன்றும் ஆறாத வலி. ஐந்தாவது ரவுண்டு மூன்று தாளிலும் ஹேக்லருக்கு. மாறுகிற ரவுண்டுகளில் ஒன்பதாவதுதான் ஒவ்வொரு முறையும் கைமாறுகிறது. ஹேக்லர் லெனர்ட்டை மூலையில் மாட்டிப் பிழிகிறார். லெனர்ட் அங்கிருந்தே வேகவேகமாகக் கை வீசித் தப்பிக்கிறார். வர்ணனை ஓடும்போது அந்தத் தப்பிப்பு அற்புதமாகத் தெரிகிறது. ஒலி இல்லாமல் பார்த்தால் அதில் பாதி குத்துகள் கையிலும் தோளிலும் பட்டுப் போகின்றன. ஆனால் அதே ஒலியில்லாத பார்வையில் ஹேக்லரின் குத்துகளும் நான் நினைத்த அளவுக்குப் பட்டிருக்கவில்லை! மிச்சம் எல்லாம் நான் அவர்மேல் வைத்த பாசம்.

ஒவ்வொரு ரவுண்டின் கடைசி முப்பது விநாடியில் லெனர்ட் எழுந்து ஆடுவார், நினைவிருக்கிறதா? திருட்டு என்று நான் கத்துவேன். இப்போது பார்த்தால் அது திருட்டில்லை, படிப்பு. மூன்று நிமிடம் பார்த்த நடுவர் மணி அடித்ததும் எழுதப்போகிறார். அவர் மனதில் கடைசியாக நிற்பது எது என்று லெனர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. சண்டைக்கு முன்பே பதினைந்து ரவுண்டு வேண்டாம், பன்னிரண்டு போதும், ரிங் பெரிதாக இருக்கட்டும் என்று பேரம் பேசி வாங்கினவர் அல்லவா. மூன்று ஆண்டு ரிங் ஏறாத மனிதருக்குக் காலும் மூச்சும்தான் கவலை. அந்தக் கவலையை ஒப்பந்தத்திலேயே தீர்த்துக்கொண்டார்.

ஆகவே உன் லெனர்ட் வென்றார் என்று நான் சொல்லவில்லை. தோற்றார் என்று சொல்லும் உரிமை எனக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இதையே வெற்றியாக எடுத்துக்கொண்டு குதிக்காதே. அந்தச் சண்டையிலும் ஒரு நடுவர் லெனர்ட்டுக்கு 118-110 கொடுத்தார். அது இன்றைக்கும் அபத்தம்தான்.

இன்னொன்று கவனித்தேன். அந்த இரவில் லெனர்ட்டுக்கு 115-113 போட்டவர் டேவ் மொரெட்டி. முப்பது ஆண்டு கழித்து, 2017 செப்டம்பர் 16 அன்று, கொலோவ்கின்–கனேலோ முதல் சண்டையிலும் அவர் ரிங்கோரம் உட்கார்ந்திருந்தார். அன்றும் 115-113, கொலோவ்கினுக்கு. பக்கத்தில் இன்னொருவர் கனேலோவுக்கு 118-110, மூன்றாமவர் 114-114, முடிவு டிரா. அன்று இரவு நீ என்னை ஃபோனில் எழுப்பித் திட்டினாயே. உன் கோபம் நியாயமானதுதான். கொலோவ்கின் வென்றார் என்றுதான் நானும் போட்டேன், இரண்டாவது முறை பார்த்தும் மாற்றவில்லை. ஆனால் டிரா என்பது அங்கே தொலைதூரமில்லை, ஒரு ரவுண்டு தூரம். வெட்கக்கேடு அந்த 118-110 மட்டும்தான்.

சரி, கொள்ளை என்றால் எது? எத்தனை முறை பார்த்தாலும், ஒலியோடு பார்த்தாலும் ஒலியில்லாமல் பார்த்தாலும், யார்மேல் பாசம் வைத்துப் பார்த்தாலும், என் தாள் மாறாவிட்டால் அது கொள்ளை. இந்தச் சோதனையில் தேறுபவை மிகக் கொஞ்சம்.

1999 மார்ச் 13, மேடிசன் ஸ்கொயர் கார்டன். லெனாக்ஸ் லூயிஸ்–ஹோலிஃபீல்ட். குத்துகளை எண்ணியவர்கள் லூயிஸுக்கு 348, ஹோலிஃபீல்டுக்கு 130 என்றார்கள். முடிவு டிரா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. ஐந்தாவது ரவுண்டில் லூயிஸ் அவரைக் கயிற்றோரம் வைத்து வெளுத்தார். அதையும் ஒரு நடுவர் ஹோலிஃபீல்டுக்குப் போட்டார். நான் ஹோலிஃபீல்டின் பக்தன் என்பது உனக்குத் தெரியும். என் பக்தியாலும் அந்த ரவுண்டைக் காப்பாற்ற முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மறுசண்டையில் ஹோலிஃபீல்ட் எவ்வளவோ நன்றாக ஆடினார். ஆனால் மூன்று பேரும் லூயிஸ் என்றார்கள். நெருக்கமான சண்டைக்கு ஒருமித்த முடிவு, ஒருபக்கச் சண்டைக்கு டிரா!

அதைவிடப் பெரியது 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டை. பட்ட குத்துகள்: அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86, கொரியாவின் பார்க் சி ஹுன் 32. தங்கம் பார்க்குக்கு, 3-2. இதை நீயும் நானும் ஆயிரம் தடவை பேசியாகிவிட்டது, ஜோன்ஸ் பக்கத்திலிருந்து மட்டும். பார்க்கை நினைத்தோமா? அவர் யாரிடமும் தங்கம் கேட்கவில்லை. கையைத் தூக்கிப் பிடித்தார்கள், அந்தக் கையோடு வாழ்நாள் முழுக்க ஊர்ப் பேச்சைக் கேட்டார். 2023-ல் அமெரிக்காவுக்குப் போய், ஜோன்ஸின் வீட்டிலேயே அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். ஜோன்ஸ் 2025-ல்தான் அந்த வீடியோவை வெளியிட்டார். ரிங்குக்குள் யாரையும் பார்த்து அசராத ஜோன்ஸ் அதில் கண் கலங்குகிறார். பார்த்திருக்கிறாயா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைப் பார்.

இப்போது உன் யோசனைக்கு வருகிறேன்: 'நடுவர்களை வீட்டுக்கு அனுப்பு, எந்திரம் எண்ணட்டும்.' மாப்ளே, அது நடந்து முடிந்த கூத்து. சியோலுக்குப் பிறகுதான் 1992 பார்சிலோனாவில் பொத்தான் அமுக்கும் முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரே விநாடிக்குள் அமுக்கினால்தான் புள்ளி. என்ன ஆனது? விலாவில் விழுந்த நல்ல குத்துகள் கணக்கில் ஏறவில்லை. வீரர்கள் தலையில் தொட்டுவிட்டுத் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு புள்ளி முன்னால் போனால் மிச்ச நேரம் ஓட்டம். இருபது ஆண்டு அப்படி ஓட்டிவிட்டு, 2012 லண்டனோடு அதைக் கைவிட்டு, பத்துப் புள்ளி முறைக்கே வந்தார்கள். எந்திரத்துக்குக் குத்து விழுந்ததா என்று தெரியும். வாங்கியவனின் முழங்கால் மடங்கியதா என்பதைக் கண்தான் பார்க்க வேண்டும்.

பத்துப் புள்ளி முறைக்கும் கிறுக்குத்தனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நூலிழையில் வென்ற ரவுண்டுக்கும் 10-9, வெளுத்து வாங்கிய ரவுண்டுக்கும் 10-9. 2024 மே மாதம் ஃப்யூரி–உசிக் முதல் சண்டையை எடுத்துக்கொள். உசிக் 115-112, உசிக் 114-113, ஃப்யூரி 114-113. ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு மோதித் தள்ளாடியபோது ரெஃப்ரி புகுந்து, விழுந்ததாகவே கணக்கு வைத்து எண்ணினாரே, அதற்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போய் அந்த ரவுண்டு 10-8. நான் உட்கார்ந்து கூட்டிக் கழித்தேன். அந்த எண்ணிக்கை மட்டும் இல்லாமல் வெறும் 10-9 ஆகியிருந்தால்: 115-113 உசிக், 114-114, 115-113 ஃப்யூரி. டிரா! ஒரே ஒரு புள்ளியில் நின்றது முழு ஹெவிவெயிட் பட்டம். ஃப்யூரி ரசிகர்கள் எண்ணியது தப்பு என்பார்கள், உசிக் ரசிகர்கள் எண்ணியதால்தான் ஃப்யூரி நாக் அவுட்டிலிருந்து தப்பினார் என்பார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி.

பிவோல்–பெதர்பியேவ் பற்றி நீ எழுதியதற்கு ஒரே வரி: முதல் சண்டையில் 114-114, 115-113, 116-112 பெதர்பியேவுக்கு, மறுசண்டையில் அதே மூன்று எண்கள் பிவோலுக்கு. இரண்டையும் கொள்ளை என்று நீ மட்டும்தான் சொல்ல முடியும். மூன்றாவது சண்டை நடந்தால் பிவோல், சந்தேகமே இல்லை. நாற்பதைத் தாண்டிய பெதர்பியேவுக்குக் கை கனக்கும்.

கடைசியாக முக்கியமானது. ஜப்பானின் இன்னொரு சாம்பியன் நவோயா இனோயேயும் நகதானியும் மோதும் சண்டை. 2025 மார்ச்சில் விருது விழா மேடையில் இனோயே நேராகவே கூப்பிட்டார், ஓராண்டில் டோக்கியோ டோமில் மோதலாம் என்று. ரியாத்தில் நகதானி அடி வாங்கியதைப் பார்த்து, 'இனி என்ன சண்டை, இனோயே ஐந்தே ரவுண்டில் முடிப்பார்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது நகதானிக்கு இனோயேயின் எடைப் பிரிவில் முதல் சண்டை. எர்னாண்டஸ் போல முட்டிக்கொண்டு உள்ளே வருகிறவர்தான் அவருக்குத் தொல்லை. இனோயே அப்படி வருகிறவர் இல்லை, தூரம் பார்த்து நுழைகிறவர். அந்தத் தூரம் உயரமான நகதானிக்குப் பிடித்த தூரம்.

அப்புறம் இனோயேயின் மறுபக்கத்தையும் பார். 2019-ல் டொனேர் அவர் கண்குழி எலும்பை உடைத்தது இடது ஹுக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்தில். 2024-ல் நெரி அவரை முதல் முறையாகத் தரையில் உட்காரவைத்தது இடது கையால். 2025 மே மாதம் கார்டெனாஸ் விழவைத்ததும் இடது ஹுக். மூன்று பேரையும் இனோயே வென்றார், அது அவர் பெருமை. ஆனால் குத்துப் பரிமாற்றத்தில் வலது கன்னத்தைத் திறந்து வைக்கும் பழக்கம் போகவில்லை. எதிரில் வரப்போவது இடக்கை ஆட்டக்காரர், பின்கையாக இடதை வைத்திருப்பவர். இனோயே புள்ளிகளில் வெல்வார், 115-112, நடுவில் ஒரு முறை விழுந்து எழுந்து. இதுதான் என் கணிப்பு. எழுதி வைத்துக்கொள்.

அன்றைக்கு ஒரு நிபந்தனை. நீயும் ஒலியை அணைத்துவிட்டுப் பார். ரவுண்டுக்கு ஒரு வரி எழுது. முடிவு அறிவிக்கும் முன்பே தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடு, நானும் அனுப்புகிறேன். அதற்குப் பிறகு ஃபோன் செய், எந்த நேரமானாலும் எடுக்கிறேன். திட்டுவதானாலும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திட்டு.

ஹேக்லரின் மூன்று தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பதாவது ரவுண்டைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். உன் பங்குக்கு நீயும் ஒரு முறை பார்த்துவிட்டு எழுது.

உன்,
இன்னும் கட்சி மாறாத ஹேக்லர்காரன்