வறட்டி எரித்த வீடுகளின் காதல் கதைகள்

லிங்கன், நெப்ராஸ்கா
ஜனவரி 18

அன்புள்ள அக்கா,

தினமும்தான் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் அத்தானுடைய சர்க்கரை, பிள்ளைகளின் பரீட்சை, அம்மாவின் முழங்கால் வலி என்று அரை மணி நேரம் போய்விடுகிறது. போன வாரம் நீ "லைப்ரரியில் அப்படி என்னடி படிக்கிறாய், மாட்டுக்காரன் காதல் கதையா?" என்று கேட்டாய். ஏதோ பதில் சொன்னேன், அது எனக்கே போதவில்லை. இன்றைக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது, அவர் வேலைக்குப் போய்விட்டார், என் விசாவில் நான் வேலை பார்க்க முடியாது என்பது உனக்குத் தெரியும், அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்கே லைப்ரரியில் எட்டுப் பத்துப் பெண்கள் கூடுகிறோம். எல்லாரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். பெரும்பாலும் வெஸ்டர்ன் ரொமான்ஸ்தான். உள்நாட்டுப் போர் முடிந்த 1865க்கும் 1900க்கும் நடுவில், மிசௌரி ஆற்றுக்கு மேற்கே நடக்கிற கதைகள். மாட்டுப் பண்ணை, புது ரயில் பாதை, ஒற்றைத் தெரு ஊர், அங்கே தனியாக வந்து இறங்கும் ஒரு பெண். கடைசியில் இருவரும் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் அது ரொமான்ஸே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று இவர்கள் கொதித்துப் போவார்கள். நம் அம்மா மாத நாவலை வாங்கியதும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு, "சரி, சேர்ந்துடுறாங்க" என்று நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வருவாளே, அதே மனசுதான்.

இவர்களுக்கு மிகவும் பிடித்தது கடிதம் மூலம் கல்யாணம் பேசி ரயிலில் வந்து இறங்கும் மணப்பெண் கதை. நிஜத்திலும் அப்படி நடந்தது. மேற்கே ஆண்கள்தான் அதிகம், பெண்கள் குறைவு, அதனால் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, போட்டோ அனுப்பி, முகம் பார்க்காமலே சம்மதம் சொல்லி வந்தார்கள். 1864இல் ஏசா மெர்சர் என்ற ஒருவர் கிழக்குக் கரையிலிருந்து பெண்களைத் திரட்டி சியாட்டில் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார், முதல் தடவை பதினோரு பேர்தான் போனார்கள். 1869இல் கண்டத்தின் இரண்டு பக்கத்து ரயில் பாதையும் யூட்டாவில் ஒன்று சேர்ந்த பிறகு இந்தப் பயணம் சுலபமாகிவிட்டது.

அப்படி ஒரு நாவலை எடுத்த மாதம், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா என்னிடம், "நீயும் இரண்டு தடவை பார்த்த மனிதரைத்தானே கட்டிக்கொண்டு வந்தாய்? இந்த எழுத்தாளர் சரியாக எழுதியிருக்கிறாரா, நீ சொல்" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது அக்கா. பெண் பார்க்க வந்த அன்று மொட்டை மாடியில் பேசிய இருபது நிமிஷம், அதற்குப் பிறகு நிச்சயதார்த்தம், அப்புறம் நேராகக் கல்யாணம். இதை இங்கே யாரிடமும் விளக்க முடியாது என்று நினைத்திருந்தேன், ஆனால் இந்தப் பெண்கள் இப்படிப்பட்ட கல்யாணத்தை நூறு நாவல்களில் படித்திருக்கிறார்கள்.

யோசித்துத்தான் சொன்னேன். அந்த நாவலில் ஒரு இடம் அப்பட்டமான உண்மை. அவள் வந்து மூன்று நாளாகியும் தன் பெட்டியைத் திறக்கவில்லை. வீட்டில் ஒரு அலமாரிதான், அதில் அவன் சட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறான், ஆனால் ஒதுக்கியது தனக்காகத்தானா என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். நானும் வந்த புதிதில் நான்கு நாள் சூட்கேஸிலிருந்தே துணி எடுத்துக் கட்டினேன். பிறகு ஒரு நாள் காலையில் அவர் எதுவும் சொல்லாமல் கடையிலிருந்து பத்து ஹேங்கர் வாங்கிவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அது போதும். ஆனால் நாவலில் எட்டாம் நாளே இருவரும் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள், அது பொய், எட்டு நாளில் நடக்காது என்றேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் வீடு. நெப்ராஸ்கா பக்கம் மரமே குறைவு, கண்ணுக்கு எட்டிய வரை புல்தான். அதனால் வந்து குடியேறியவர்கள் வேரோடு இறுகிக் கிடந்த புல்தரையைக் கலப்பையால் பட்டை பட்டையாகக் கிழித்து, செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவர் இரண்டடி கனம். கோடையில் குளுகுளு, குளிரில் கதகதப்பு, ஆனால் மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும், சில சமயம் பாம்பும் விழும், அதற்காகக் கூரைக்குக் கீழே துணி கட்டுவார்கள். விறகு கிடையாது, அதனால் என்ன எரித்தார்கள் தெரியுமா? வறட்டி! புல்வெளியில் காய்ந்து கிடந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள், காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்த்த பிறகு மாட்டுச் சாணம். புதிதாக வந்த பெண்கள் முதலில் இரண்டு குச்சியால் எடுப்பார்களாம், பிறகு துணியால், கொஞ்ச நாளில் வெறும் கையால். இதைப் படித்தவுடன் நம் ஆச்சி கொல்லைச் சுவரில் வறட்டி தட்டிவிட்டுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் நமக்கு முறுக்கு எடுத்துத் தந்தது ஞாபகம் வந்தது. கூட்டத்தில் சொன்னேன், ஐந்து விரலும் சுவரில் பதிந்திருக்கும் என்று கையை விரித்துக் காட்டினேன். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு விருந்தாளி இல்லை.

சாண்ட்ஹில்ஸ் என்ற மேய்ச்சல் பகுதியில் பண்ணையில் வளர்ந்த ஒருவர் வருகிறார், அவருக்குக் குதிரை விஷயத்தில் தப்பு இருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். நாயகன் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நாற்கால் பாய்ச்சலில் போனான் என்று எழுதினால், "அந்தக் குதிரை மத்தியானமே செத்திருக்கும், மிருகத்தைக் கொல்கிறவன் மனைவியை எப்படி வைத்துக்கொள்வான்?" என்று கேட்கிறார். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. வாயில்லா ஜீவனிடம் நடந்துகொள்வதை வைத்துத்தானே ஓர் ஆளை எடை போட முடியும்.

பனிப்புயலில் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்ளும் கதைகளுக்கு இங்கே தனி மவுசு. அதிலும் விவரம் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊர்க்காரர்களுக்குப் பனிப்புயல் என்றால் 1888 ஜனவரி 12. அன்று காலை வெயில் இதமாக இருந்ததால் பிள்ளைகள் கனமான கோட்டு இல்லாமல் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், திடீரென்று புயல் வந்து, நெப்ராஸ்காவிலும் டகோட்டாவிலுமாக 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், நிறையப் பேர் பிள்ளைகள். பனிப்புயலைக் காதலுக்கு ஒரு சாக்காக மட்டும் எழுதினால் இவர்களுக்குக் கோபம் வருகிறது.

எப்போதும் வருகிற இன்னொரு புகார், நாயகி இந்தக் காலத்துப் பெண் மாதிரிப் பேசுகிறாள் என்பது. இதில் நான் பாதிக்குப் பாதி ஒத்துப்போகிறேன். பேச்சு அந்தக் காலத்துப் பேச்சாக இருக்க வேண்டும், சரி. ஆனால் "அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக நிலம் வாங்கி விவசாயம் செய்வாளா?" என்று சிலர் கேட்கிறார்கள் பார், அது தெரியாமல் பேசுவது. 1862இல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும், கட்டணம் மொத்தம் 18 டாலர்தான், ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து வீடு கட்டி உழுதால் நிலம் சொந்தம். 21 வயதான, கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பேரிலேயே மனு போடலாம். கல்யாணமானவள் பொதுவாகப் போட முடியாது. அப்படியென்றால் நிலம் வைத்திருக்கும் ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு எவ்வளவு பெரிய கணக்கு என்று யோசித்துப் பார். நல்ல நாவல்கள் அந்தக் கணக்கையே கதையாக்குகின்றன. பக்கத்து வயோமிங்கில் 1869லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டார்கள்.

அந்த நிலம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எங்கள் கூட்டம் ஒரு தடவை உடையப் பார்த்தது.

அந்த 1862 சட்டத்தின் நினைவாக இங்கிருந்து தெற்கே நாற்பது மைலில், பியாட்ரிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அவரும் நானும் போனோம். 1867இல் கட்டிய ஒரு மரக்குடிசை இருக்கிறது, 14 அடிக்கு 16 அடி, அதில் பத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா நிலத்தில் நூற்றுக்கு 45 பங்கு இப்படிக் கொடுக்கப்பட்டதாம். நான் மலைத்துப்போய் நின்றேன். திரும்பி வந்து கூட்டத்தில் அதைச் சொன்னபோது, அம்மா வழியில் ஒமாஹா பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளம்பெண், "கொடுத்தார்கள் சரி, யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள். பியாட்ரிஸுக்குக் கொஞ்சம் தெற்கே இருந்த ஓட்டோ மிசௌரியா என்ற பழங்குடி மக்களை 1881இல் ஓக்லஹோமாப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நெப்ராஸ்கா என்ற பெயரே அவர்கள் மொழிச் சொல்தான், தட்டையான தண்ணீர் என்று அர்த்தம். பெயர் மட்டும் இங்கே இருக்கிறது.

அன்றைக்குப் பேச்சு 2021இல் நடந்த விருது விவகாரத்துக்குப் போனது. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் ஒரு வெஸ்டர்ன் நாவலுக்கு, இறைநம்பிக்கை சார்ந்த கதைகளுக்கான பிரிவில் விருது கொடுத்தது. நாயகன் குதிரைப்படை அதிகாரி. கதை 1890 டிசம்பர் 29இல், வூண்டட் நீயில் தொடங்குகிறது. ராணுவம் லகோட்டாப் பழங்குடி மக்களை, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கில் கொன்ற இடம் அது. அதில் பங்கெடுத்தவன் மனம் வருந்தித் திருந்தி, காதலும் கைகூடி வாழ்கிறான் என்பது கதை. வாசகர்கள் கொந்தளித்தார்கள், சங்கம் விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நர்ஸ் அம்மா, "பாவம் செய்தவன் திருந்தக் கூடாதா, அதுதானே எங்கள் நம்பிக்கை" என்றார். எண்பது வயதுப் பாட்டி ஒருவர், "என் வீட்டுக்காரர் போன பிறகு ராத்திரியில் இந்தப் புத்தகங்கள்தான் எனக்குத் துணை, இதையும் என்னிடமிருந்து பிடுங்காதீர்கள்" என்று அழுதுவிட்டார். அந்த ஒமாஹாப் பெண் எழுந்துபோய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பிடுங்கவில்லை பாட்டி, நானும் இதையெல்லாம் படிக்கிறேன்" என்றாள். "ஆனால் எங்கள் ஆட்கள் வழிகாட்டியாக வருகிறார்கள், கொள்ளையடிக்க வருகிறார்கள், இல்லாவிட்டால் நீளத் தலைமுடியோடு அட்டைப்படத்தில் வருகிறார்கள். கொடியில் துணி காயப்போடும் ஒருத்தியாக, புருஷனோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கும் ஒருத்தியாக நான் இதுவரை வரவில்லை."

நான் அவள் பக்கம்தான் அக்கா. செத்தவர்களின் பெயர்கூடத் தெரியாமல் அவர்களைக் கொன்றவன் கண்ணீரை மட்டும் முந்நூறு பக்கம் படிக்க என்னால் முடியாது. திருந்தட்டும், ஆனால் யாரிடம் மன்னிப்புக் கேட்டான் என்று கதை சொல்ல வேண்டாமா? ஒரு வீட்டில் காதல் நடக்கிறதென்றால், அந்த வீடு யார் மண்ணில் நிற்கிறது என்பதும் கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து மாட்டுக்காரர்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள், அட்டைப்படங்களைப் பார்த்தால் ஒருவர்கூட இருக்கமாட்டார். பெவர்லி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளர் 1994இலிருந்து கறுப்பினப் பெண்களை நாயகிகளாக வைத்து எழுதுகிறார், அடிமைத்தளை அறுந்த பிறகு கன்சாஸில் தங்களுக்கென்று ஊர் அமைத்துக்கொண்டவர்களின் கதையெல்லாம் அவரிடம் உண்டு. அவரைப் படித்த மாதம் பாட்டி ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு வந்து, அடுத்தது எங்கே என்று கேட்டார்.

முத்தத்துக்கு மேல் எவ்வளவு எழுதலாம் என்ற சண்டையும் மாதாமாதம் உண்டு. அதை நேரில் வரும்போது சொல்கிறேன், கடிதத்தை அத்தானும் படிப்பார்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். சாலமன் புட்சர் என்பவர் 1886இல் இந்த மாநிலத்தின் கஸ்டர் கவுண்டியில் எடுத்தது. மண்வீட்டு முன்னால் கிறிஸ்மன் வீட்டு அக்கா தங்கைகள் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். இவர்கள் பிற்பாடு தலைக்கு ஒரு நிலத்துக்கு மனு போட்டார்கள். சட்டப்படி அவரவர் நிலத்தில் அவரவர் குடியிருக்க வேண்டும், அதனால் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்று முறைவைத்து ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி போய்த் தங்கினார்களாம்.  படத்தை அம்மாவுக்கு விளக்கிச் சொல், வறட்டி விஷயத்தையும் சொல்.

அப்புறம் ஒரு உதவி. அம்மா பைண்டு பண்ணி வைத்திருக்கும் மாத நாவல்களில், கல்யாணமாகியும் ஒரு வருஷம் பேசாமல் இருப்பார்களே, அந்தக் கதை எது என்று அம்மாவிடம் கேட்டு, அந்தப் புத்தகத்தைச் சித்தப்பா மகன் அடுத்த மாதம் வரும்போது கொடுத்து அனுப்பு. ஏப்ரல் கூட்டத்தில் ஒரு அத்தியாயத்தை இவர்களுக்குச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு நாள் கதைக்கு ஒரு வருஷக் கதை என்ன பதில் சொல்கிறது என்று நர்ஸ் அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை