லாபம் வருகிற கம்பெனியில் ஏன் ஆள் குறைக்கிறார்கள்?

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் உங்க ஆத்தாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. "லாபம் குறையவே இல்லை, அப்புறம் ஏன் எங்க பிரிவுல ஆளைக் குறைக்கிறாங்க? நஷ்டத்துல ஓடுற புதுக் கம்பெனி ஆள் எடுத்துக்கிட்டே இருக்கு, அது எப்படி?" என்றாய். மூன்று நாளாக அதே யோசனைதான்.

தொழிலுக்கும் வயசு இருக்கிறது ஆத்தா. நான் இதைப் படித்தவனில்லை, கல்லாவில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவன். வெளியூருக்குப் போன் பேச ஜனங்கள் வருகிற நம்ம எஸ்.டி.டி. பூத் உனக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி கட்டணம் குறைகிற நேரத்துக்கு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து, 2003-இல் இரண்டாவது பூத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். அதே வருஷம்தான் செல்போனில் இன்கமிங் இலவசமானது. அட்வான்ஸ் பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. (உங்க ஆத்தா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.) கல்லா நிறைந்திருந்ததால் தொழில் கிழடானது எனக்குத் தெரியவில்லை.

நோக்கியாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தார்கள், அடுத்த வருஷம் ஐபோன் வந்தது, 2014-இல் ஆலையை மூடினார்கள். வரி வழக்கும் அதில் சேர்ந்துகொண்டது, அது தனிக் கதை.

பிறகு நான் சிம், ரீசார்ஜ் கடை வைத்தேன். ஒரு காலத்தில் பத்துக்கு மேல் கம்பெனிகள் இருந்தன. அவனவன் வந்து போர்டு மாட்டுவான், கமிஷனை ஏற்றித் தருவேன் என்பான். எல்லாருக்கும் வாடிக்கையாளரைப் பிடிப்பதில்தான் குறி, லாபத்தை யாரும் பேசவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை உடைத்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டபோது, அதே நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றித் தரச்சொல்லி என் கடை வாசலில் நின்ற கூட்டத்தை மறக்க முடியாது. கடைசியில் தனியாரில் பெரிதாக மூன்று பேர் நின்றார்கள். 2024-இல் மூவரும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றினார்கள், யாரும் ஓடிப்போகவில்லை. ஓட வேறு இடம் எங்கே?

உன் கம்பெனி இருப்பது இந்தக் கட்டத்தில். புது வாடிக்கையாளர் பெரிதாக வரப்போவதில்லை, அதனால் செலவைச் சுருக்கித்தான் லாபத்தைக் காட்ட வேண்டும். நஷ்டத்தில் ஓடுகிறவன் இன்னும் வாடிக்கையாளரைப் பிடிக்கிற கட்டத்தில் இருக்கிறான். அமேசான் 1994-இல் தொடங்கி, முழு வருஷ லாபம் பார்த்தது 2003-இல். அது விதைநெல் வாங்கிய கடன் மாதிரி. ஆனால் எல்லா நஷ்டமும் விதைநெல் இல்லை. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க என்ன செலவு, அவர் அதை எத்தனை மாசத்தில் திருப்பித் தருகிறார் என்று அந்தப் புதுக் கம்பெனிக்காரர்களிடம் கேள். மழுப்பினால் அங்கே போகாதே.

பர்மா போய் வட்டிக்குக் கடன் கொடுத்த உங்க பாட்டையா கதையை இந்த இடத்தில் சொல்லணும். நம்ம வீட்டு வளவில் நிற்கிற தேக்குத் தூணெல்லாம் வட்டி ஒழுங்காக வந்த காலத்தில் வந்தது. 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியிருந்த விவசாயிகள் வட்டிக்குப் பதிலாக நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கிலிருந்து, அந்தப் பத்து வருஷத்துக்குள் 25 பங்காக ஏறியது. ஐந்தொகையில் (இப்போது பேலன்ஸ் ஷீட் என்கிறீர்களே, அதில்) பார்த்தால் சொத்து பெருகியிருக்கிறது. ஆனால் ஊருக்கு அனுப்பப் பணம் இல்லை. நிலத்தைத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பாட்டையா ஒரு டிரங்குப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார்.

கிழடாகிற தொழிலை விட்டு வெளியேறுவதை ஐ.பி.எம். சாமர்த்தியமாகச் செய்தது என்பேன். 2005-இல் தன் பி.சி. வியாபாரத்தை, வாங்க ஆள் இருக்கும்போதே லெனோவாவுக்கு விற்றது. மைக்ரோசாஃப்ட் முதல்முதலில் டிவிடெண்ட் (பங்குதாரர்களுக்கு லாபத்தில் பங்கு) கொடுத்தது 2003-இல், ஃபேஸ்புக்கின் மெட்டாவும் கூகுளின் ஆல்ஃபபெட்டும் 2024-இல். பழைய தொழிலுக்குள்ளேயே போட்டு முடிக்க முடியாத அளவுக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதே கம்பெனிகள்தான் ஏ.ஐ.க்காக டேட்டா சென்டர்களில் கொட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பிரிவு கிழம், ஒன்று கைக்குழந்தை. கிழத்தின் சம்பாத்தியத்தில் குழந்தை வளர்கிறது. உன் பிரிவு எது என்று நீதான் பார்க்கணும்.

ஆண்டறிக்கையில் பிரிவுவாரியாக வரவும் மூலதனச் செலவும் போட்டிருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு எடுத்துப் பார். உன் பிரிவுக்குப் போகிற பணம் வருஷா வருஷம் குறைந்தால், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்காதே, உள்ளேயே வேறு பிரிவு கேள். புதுக் கம்பெனிக்குப் போவதை அப்புறம் பேசலாம்.

மாவுருண்டையும் சீப்புச்சீடையும் பார்சலில் போட்டிருக்கிறாள் உங்க ஆத்தா. டப்பாக்களைத் திருப்பி அனுப்பணுமாம், போன தடவை அனுப்பியதே இன்னும் வரவில்லை என்கிறாள்.

அப்பச்சி