கெல்ப் நகர்ந்துக்கும் சரி, எந்த கெல்ப்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல கெல்ப் (கடலடிப் பாறைல ஒட்டி வளர்ற பெரிய பழுப்புப் பாசி) காடுகள் பத்தின கட்டுரை படிச்சேன், படமெல்லாம் அட்டகாசம், ஆனா கடைசி பாராவுல போறபோக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, கடல் சூடானா கெல்ப் துருவத்துப் பக்கமா நகர்ந்துக்கும், இங்க குறைஞ்சா அங்க கூடும்னு, அது மட்டும் எனக்கு செரிக்கவே இல்ல.

கெல்ப் என்ன மூட்டை முடிச்ச கட்டிக்கிட்டு கிளம்புற ஜீவனா? பாறைய விரல் விரலா கவ்விப் பிடிச்சு நிக்குது, அது வேர்கூட இல்ல, வெறும் பிடிமானம்தான், சத்து உறிஞ்சறதெல்லாம் இலை மாதிரி இருக்கற மேல் பாகம். பரவுறது ஸ்போர்ங்கற கண்ணுக்குத் தெரியாத வித்து மூலமா, அதுவும் பெரும்பாலும் தாய்க்குப் பக்கத்துலயே விழுந்துடும் (பிச்சுக்கிட்டு ரொம்ப தூரம் மிதந்து போற ஜயன்ட் கெல்ப் மாதிரி சிலது இருக்கு, இல்லேங்கல). அப்போ நகருதுன்னு நாம சொல்றது உண்மையில ரெண்டு தனித்தனி சம்பவம். சூடான ஓரத்துல இருக்கறது சாகுது, குளிர்ந்த ஓரத்துல அங்க ஏற்கனவே இருந்ததோட பிள்ளைங்க முளைக்குது. ரெண்டுக்கும் ஜீன் ஒண்ணு இல்ல.

ஐரோப்பாவையே எடுத்துக்கங்க. சுமார் 20,000 வருஷம் முன்னாடி நார்வே கரை பனிக்கட்டிக்கு அடியில கிடந்தப்போ பல கெல்ப் இனங்க தெற்குப் பக்கம் பிரான்ஸோட பிரிட்டனி, ஸ்பெயின், போர்ச்சுகல் கரைன்னு அங்கங்க தப்பிச்சுக் கிடந்துச்சு, பனி உருகினப்புறம் அதுல கொஞ்சம்தான் வடக்கே ஏறுச்சு, அதனால வடக்குல மைல் கணக்குல காடு இருந்தாலும் கொஞ்சம் முன்னோரோட வாரிசுங்கதான் நிறைய. தெற்கு ஓரத்துல ஒவ்வொரு திட்டும் சின்னது, ஒரு திட்டுக்குள்ள மட்டும் பாத்தா வெரைட்டி கம்மியாகூட இருக்கும், ஆனா அதுகிட்ட இருக்கற ஜீன் வகை வேற எங்கயும் இல்லாததா இருக்கும். வெயில் முதல்ல அடிக்கறது அந்த ஓரத்துலதான். வடக்குல நூறு ஏக்கர் புதுசா முளைச்சாலும் அந்தக் கணக்கு நேராகாது சார்.

அடுத்து ஆஸ்திரேலியா. 2011-ல மேற்குக் கரைல கடல் ஹீட்வேவ் வந்து, எக்லோனியா ரேடியாட்டான்ற கெல்ப், கரையோரமா கிட்டத்தட்ட 100 கிலோமீட்டருக்கு அழிஞ்சு போச்சு, வடக்கே (அங்க அதுதான் சூடான ஓரம்) கல்பாரின்ற ஊர் பக்கமெல்லாம் கெல்ப் இருந்த பாறைல இப்போ புல்தரை மாதிரி குட்டைப் பாசி, வெப்பக்கடல் மீனுங்க வேற வந்து புதுசா எட்டிப்பாக்கற குருத்தையெல்லாம் மேய்ஞ்சுட்டுப் போகுது. இது உங்க கட்டுரையிலயே இருந்துச்சு. இல்லாதது என்னன்னா, அதே ஹீட்வேவ்ல பொழைச்சு நின்ன காட்டோட ஜீன முன்ன பின்ன ஒப்பிட்டுப் பாத்தாங்க, சூட்டுத் தண்ணில இருக்கற கெல்ப்ல காணற ஜீன் வகைங்க அங்க கூடியிருந்துச்சு. மேல இருந்து பாத்தா அதே காடு, ஆனா உள்ள ஆள் மாறியாச்சு. கெல்ப்போட தூரத்து சொந்தமான ரெண்டு பெரிய பாசி இனத்துல இன்னும் மோசம், ஜீன் வெரைட்டியே 30-லருந்து 65 சதவீதம் வரைக்கும் போச்சு.

இதுல நகர்ந்துக்கும்னா எங்க நகரும்? ஆஸ்திரேலியாவோட தென்கரைய ஒட்டி 8,000 கிலோமீட்டருக்கு மேல ஓடுது கெல்ப் வளர்ற பாறைத் தொடர், அதுக்குத் தெற்கே போனா ஆழக்கடல், கவ்விப் பிடிக்க ஆழமில்லாத பாறை ஏது? ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கற டாஸ்மேனியா தீவுல ஜயன்ட் கெல்ப்புக்கு நடந்தது அதுதான், மேல போக இடமில்லாம பெரும்பகுதி அழிஞ்சு போச்சு. இன்னொண்ணு, எல்லாமே துருவத்துப் பக்கம்தான் போகுதுன்னும் இல்ல, தென்னாப்பிரிக்காவுல எக்லோனியா மாக்ஸிமான்ற இன்னொரு கெல்ப் கிழக்கே டி ஹூப்ன்ற இடம் வரைக்கும் பரவியிருக்கு, அந்தக் கரைத் தண்ணி குளிர்ந்ததால.

டாஸ்மேனியாவுல மிஞ்சின ஜயன்ட் கெல்ப்லருந்து ஸ்போர் எடுத்து லேப்ல வளக்கறாங்கன்னு ஒரே வரில தாண்டிட்டீங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம். கடல்ல பனை உசரத்தையும் தாண்டி வளர்ற ஜீவனோட இன்னொரு தலைமுறை கண்ணுக்கே தெரியாத நூலிழை, அத குளிர்ச்சியான ரூம்ல சிவப்பு வெளிச்சத்துல கண்ணாடிக் குடுவைல வெச்சா பழுப்பு நிறத்துல பஞ்சு மாதிரி வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும், சாதா வெளிச்சமும் துளி இரும்புச்சத்தும் குடுத்தா முழிச்சுக்கிட்டு ஆண் பெண்ணா சேந்து கெல்ப் குட்டி போட ஆரம்பிச்சுடும். சூட்டைத் தாங்கறத பொறுக்கி எடுத்து கடல்ல நட்டும் பாக்கறாங்க. நல்லதுதான், ஆனா நாலு நல்ல ரகத்த மட்டும் நட்டா நாளைக்கு வேற நோய் வந்தா என்ன பண்றது? அதனால பொறுக்காததையும் குடுவைல சேத்து வைக்கணும், அதுவும் சூடான ஓரத்துல இருக்கறது சாகறதுக்கு முன்னாடி.

அடுத்த தடவை கெல்ப் மேப் போட்டா கூடினத பச்சைலயும் குறைஞ்சத சிவப்புலயும் காட்டி கூட்டிக் கழிக்காதீங்க ப்ளீஸ். அந்த சிவப்புல எந்தெந்த ஜீன் வகை போச்சுன்னு தெரிஞ்சவங்கள கேட்டு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்