துணையில்லாமல் இல்லை இந்தச் சூடு

ஐயா, இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை அருமை. ஆனால், முதிர்ந்த வெப்ப விண்மீன்கள் தாமாகவே உருவாவதுபோல் எழுதியிருப்பது சரியல்ல. பலவற்றுக்கும் இணை விண்மீனே காரணம். ஒரு விண்மீன் முதுமையில் சிவப்பு ராட்சதனாக வீங்கும்போது அதன் வெளிப்புற ஹைட்ரஜனைத் துணை இழுத்துக்கொள்ள, ஹீலியம் எரியும் உட்கருவே மிஞ்சுகிறது. சூரியனில் பாதி நிறைதான், ஆனாலும் 20,000 கெல்வினைத் தாண்டிச் சுடும். 2016இல் என்ஜிசி 188 என்ற விண்மீன் கொத்தில் ஒரு நீல விண்மீனுக்கு சுமார் 17,000 கெல்வின் வெப்பமுள்ள துணை இருப்பதைக் காட்டியதே ஆஸ்ட்ரோசாட்தான்!

ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனான அல்கால் மங்குவதைப் பள்ளி மாடியில் நின்று வெறும் கண்ணால் பார்த்த பிறகுதான் என் மாணவர்களுக்கு இரட்டை விண்மீன் பாடம் பிடிபட்டது. குளிர்கால மாதங்களில் அது மங்கும் நேரத்தை ஞாயிறு இதழில் வெளியிடுங்கள்.

– இயற்பியல் ஆசிரியர், வாணியம்பாடி