கழுத்தைத் திருப்பாமல் திரும்பிய பாப்பாவுக்கு

கோபி
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போது உன் குக்கர் விசில் அடித்தது. அடுப்பைப் பார்க்கத் திரும்பினாய். தலை திரும்பவில்லை, இடுப்பிலிருந்து உடம்பே மொத்தமாகத் திரும்பியது. அப்பா கவனிக்கவில்லை. முப்பது வருஷம் வார்டில் நின்றவள் கண்ணுக்கு அது தப்புமா? தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது: மூன்று மாதமாகக் கழுத்துப் பிடிப்பு, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் அழுத்தி, முறுக்கிச் சரிசெய்கிறவர்), எக்ஸ்ரே. முதுகெலும்பு நகர்ந்திருக்கிறது, டென்ஷன் நரம்பை அடைக்கிறது, 24 தடவை வரணும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று அவர் சொன்ன கதை.

டென்ஷன் உடம்பில் இறங்கும் என்பது நிஜம்தான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே அட்ரினல் சுரப்பி, நாய் துரத்தினால் அது நொடியில் வேலையைக் காட்டும். நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும், தோள் காதுவரை ஏறும். பின்னாலேயே கார்டிசால் என்கிற டென்ஷன் ஹார்மோன் வரும். நாய் போனதும் எல்லாம் இறங்கிவிடும். உனக்கு நாய் போவதே இல்லை. ஆள்குறைப்பு, விசா, ராத்திரி பதினோரு மணிக்கு இந்தியா டீமோடு கால். நடுராத்திரியில் கார்டிசால் அடிமட்டத்தில் கிடந்து, விடியும்போது ஏற வேண்டும். நீ அந்த நேரத்தில் லேப்டாப் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாய். பல் டாக்டர் ராத்திரி போட்டுக்கொள்ள உறை கொடுத்தார் என்றாயே, அது வேறு இது வேறு இல்லை. பிடரியிலிருந்து தோள்வரை ஓடும் தசை மாதக்கணக்கில் இறுகியே இருந்தால் கயிறு மாதிரி ஆகிவிடும். மாதவிலக்கும் தள்ளிப் போகிறதா? அப்பா பக்கத்தில் இருந்ததால் அன்றைக்குக் கேட்கவில்லை. எழுதி அனுப்பு.

நீ நாலாவது படிக்கும்போது எனக்கும் இப்படித்தான். ஆண்கள் அறுவை வார்டு, ஒரே மாதத்தில் பன்னிரண்டு நைட் டூட்டி. தலை குனிந்து கேஸ் ஷீட் எழுத முடியவில்லை. பாட்டிதான் சுளுக்கு எடுக்கிற பெரியவரிடம் இழுத்துக்கொண்டு போனார். நல்லெண்ணெயைச் சூடாக்கி, கட்டை விரலால் தோள்பட்டையை வழித்து வழித்து விட்டார். எங்கோ படக்கென்று ஒரு சத்தம். அன்று ராத்திரி செத்த மாதிரி தூங்கினேன். அடுத்த நைட் டூட்டி வாரத்தில் பிடிப்பு திரும்ப வந்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் அந்த அரை மணி நேரம் என்னை ஒருத்தரும் "சிஸ்டர்" என்று கூப்பிடவில்லை. பாதி சுகம் அதில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் படக் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் இல்லை, பாப்பா. மூட்டுத் திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழாகிற சத்தம். விரலில் சொடக்கு எடுக்கிற அதே சமாச்சாரம்.

இன்னொன்று தெரியுமா? இந்தக் கைரோபிராக்டிக் வைத்தியம் பிறந்ததே நீ இருக்கிற அயோவா மாநிலத்தில்தான். 1895இல், மிசிசிப்பிக் கரையில் இருக்கிற டேவன்போர்ட்டில், டி. டி. பால்மர் என்பவர் தன் கட்டடத்துத் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பைத் தட்டி, கேட்காத காதைக் கேட்க வைத்ததாகச் சொன்னார். காது நரம்பு மண்டைக்குள்ளேயே மூளைக்குப் போகிறது, முதுகெலும்பு வழியாக இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்க்கு எலும்பு விலகல்தான் காரணம் என்றும் எழுதிவைத்துவிட்டார். உன் கைரோபிராக்டர் சொல்கிற "நரம்பு அடைப்பு" அந்த வம்சம்.

அதற்காக எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் ஒத்தடம், மசாஜ், முதுகெலும்பைக் கையால் சரிசெய்வது இவற்றைப் பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்றே 2017இல் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. கழுத்து வலிக்கும் ஓரளவு கேட்கும். வலி குறைந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் மனசு கொஞ்சம் இளகும். அவ்வளவுதான். டென்ஷனையே அது போக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

அதனால் மொத்தப் பணம் கட்டாதே. நாலைந்து தடவை போய்ப் பார், குறையவில்லையென்றால் நிறுத்திவிடு. கழுத்தைப் படக்கென்று முறுக்க வேண்டாம் என்று வாய் திறந்து சொல். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று கழுத்தெலும்பின் ஓட்டை வழியாகத்தான் ஏறுகிறது. அது கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனாலும் வந்திருக்கிறது. மெதுவாக அசைத்து, தசையைத் தளர்த்தி, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால் அவர் நல்லவர். திடீரென்று இதுவரை இல்லாத கழுத்து வலியும் தலைவலியும் வந்தாலோ, தலை சுற்றினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நாக்கு குழறினாலோ அவரிடம் போகாதே, உடனே ஆம்புலன்சுக்கு 911 அடி. கை மரத்துப் போனால் முதலில் டாக்டரிடம் காட்டு.

அந்த ராத்திரி பதினோரு மணி மீட்டிங்கை வாரம் இரண்டு நாளாவது வேறு ஆளுக்கு மாற்ற முடியாதா என்று மேனேஜரிடம் கேட்டாயா? நான் மேட்ரனிடம் கேட்கப் பயந்து பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். கேட்ட மாதமே பாதி நைட் குறைந்தது. இதை நினைத்தால் இப்பவும் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

மாமா பையன் அடுத்த மாதம் சிகாகோ வருகிறான். பழைய காடாத் துணியில் பச்சரிசி நிரப்பி ஒத்தடப் பை தைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். மைக்ரோவேவில் ஒரு நிமிஷத்துக்கு மேல் வைக்காதே, அரிசி கருகிவிடும். கழுத்தில் வைக்கும் முன் முன்கையில் தொட்டுப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா