லேசான பனிக்குத்தான் பயம்

ஃபார்கோ, வடக்கு டகோட்டா

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சம்பா அறுப்புக்கு மெஷின் கிடைக்காமல் நீ அலைந்ததைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. எப்படியோ மழைக்கு முன்னால் நெல் களத்துக்கு வந்து சேர்ந்ததே, அது போதும். தங்கச்சிக்கு மூட்டு வலி இப்போது தேவலையா?

அமெரிக்காவில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுவதாக டிவியில் காட்டினார்கள், உங்கள் பக்கம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். இந்த வாரம் இங்கே விழுந்தது ஒரு அங்குலம்கூட இருக்காது. அதற்கே இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கண்டத்தின் நட்டநடுவில். குளிர்காலத்தில் கடல் ஈரம் இவ்வளவு தூரம் வந்து சேர்வது அபூர்வம். எங்களுக்குப் பெரும்பாலும் வருபவை கனடாவின் அல்பெர்ட்டா பக்கம், ராக்கி மலைக்குக் கிழக்கே உருவாகித் தென்கிழக்கே விரைந்து ஓடும் சின்னக் காற்றழுத்தத் தாழ்வுகள். 'அல்பெர்ட்டா கிளிப்பர்' என்பார்கள். ஈரம் குறைவு என்பதால் ஓரிரு அங்குலம் தூவிவிட்டுப் போய்விடும். பின்னாலேயே ஆர்க்டிக் குளிரும் காற்றும் வந்து இறங்கும். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

கடுங்குளிரில் விழும் பனி ஒட்டாது. கோலமாவு போல உலர்ந்து கிடக்கும். காற்று கிளம்பினால் அத்தனையும் மேலே எழும்பிவிடும். தடுக்க ஒரு மேடு கிடையாது. பனியுகத்தின் முடிவில் இங்கே அகாசிஸ் என்றொரு பிரம்மாண்டமான ஏரி இருந்தது, அதன் அடித்தரையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அண்ணாந்து பார்த்தால் வானம் நீலமாக இருக்கும், கார் கண்ணாடிக்கு முன்னால் சாலை தெரியாது. பனிப்புயல் என்று அறிவிக்க வானிலைத் துறை வைத்திருக்கும் அளவில் எத்தனை அங்குலம் பெய்தது என்ற கணக்கே இல்லை. மணிக்கு 56 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டருக்கு அப்பால் பார்வை எட்டாத நிலை, இரண்டும் 3 மணி நேரம் நீடித்தால் அது பனிப்புயல். புதுப்பனி ஒரு துளிகூட விழ வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் கேட் போட்டு மூடிவிடுவார்கள்.

குளிரும் அப்படித்தான். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 28. மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துபோகும். ராத்திரி காரின் எஞ்சினுக்கு ஹீட்டர் வயரைச் சொருகிவிட்டுத்தான் படுக்கிறோம். ரொம்பக் குளிர்ந்துவிட்டால் சாலையில் போடும் உப்பும் வேலை செய்யாது, மணலைத் தூவுவார்கள். வண்டியில் போர்வை, மெழுகுவர்த்தி, மண்வாரி எப்போதும் கிடக்கும். சிக்கிக்கொண்டால் இறங்கி நடக்கவே கூடாது. புகைக்குழாயைப் பனி அடைக்காமல் பார்த்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

1888 ஜனவரி 12-ஐ இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். காலையில் குளிர் விட்டு இதமாக இருந்ததால் பிள்ளைகள் கனத்த கோட்டு போடாமல் பள்ளிக்கூடம் போனார்கள். திடீரென்று வடமேற்கிலிருந்து புயல் அடித்தது. டகோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் செத்தவர்கள் 235 பேர் என்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்த குழந்தைகள் பலர் வழியிலேயே போய்விட்டார்கள். அதைப் படித்த பிறகு, வானிலைச் செய்தியில் 'லேசான பனி' என்று வந்தால் அடுத்த வரியில் காற்றின் வேகத்தைத்தான் முதலில் தேடுகிறேன்.

இனி சொல்லப்போவது உனக்குப் பிடிக்கும். இங்கே விவசாயிகள் பனி போதவில்லை என்று கவலைப்படுகிறார்கள்! இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை குளிர்காலம் முழுவதும் மண்ணில் காத்திருக்கும். அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலம் பனி மூடியிருந்தால் குளிர் உள்ளே இறங்காது. வெறுந்தரையாக இருந்தால் குருத்து செத்துப்போகும். அதனால் முந்தைய பயிரின் தட்டையை அறுக்காமல் உயரமாக விட்டு, அதற்கு நடுவிலேயே விதைக்கிறார்கள். காற்று அடித்துக்கொண்டு போகும் பனியைத் தட்டை பிடித்து நிறுத்தும். வயலோரத்தில் வரிசையாக மரங்களும் உண்டு. 1930-களில் மண் பறந்த பஞ்ச காலத்தில் அரசாங்கமே முன்னின்று நட வைத்தது. இப்போது பலர் வெட்டிவிடுகிறார்கள், பெரிய மெஷின் திரும்ப இடம் வேண்டுமாம். எனக்கு அது பெரிய தப்பாகப் படுகிறது. 1936-இல் இதே மாநிலத்தில் பிப்ரவரியில் மைனஸ் 51, ஜூலையில் 49 டிகிரி. அப்படிப்பட்ட மண்ணில் நிற்கிற மரத்தை வெட்டலாமா?

மார்ச்சில் எல்லாம் உருகும்போது ஆற்றுக் கவலை ஆரம்பிக்கும். எங்கள் ரெட் ரிவர் வடக்கே ஓடுகிறது. தெற்கே தண்ணீர் உருகி வரும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்திருக்கும். அதைப் பற்றி அப்போது விரிவாக எழுதுகிறேன்.

நெல்லுக்கு என்ன விலை கிடைத்தது என்று மறக்காமல் எழுது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களா? தங்கச்சியை நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
உன் நண்பன்