பூனை வந்த வீட்டில் எந்தத் தொட்டி இருக்கலாம்

அன்புள்ள செல்வி,

கடிதமும் பால்கனிப் படங்களும் கிடைத்தன. பணி ஓய்வுக்குப் பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று போன முறை எழுதியிருந்தாய். இரண்டு பூனைக்குட்டிகள் வந்தபின் அந்தப் புகார் இருக்காது. குட்டிகள் செடியைக் கடித்து நஞ்சேறிவிடுமோ என்ற பயத்தில், "சக்குலன்ட் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடவா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். படங்களில் இருக்கும் இந்தச் சதைப்பற்றுச் செடிகளில் இரண்டு வகையை உடனே வெளியேற்று, சிலவற்றை இடம் மாற்று. மீதி இருக்கட்டும்.

வெளியேற வேண்டியவை அடினியமும் கலஞ்சோவும். உன் அடினியத்தின் அடித்தண்டு அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அரளிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் அதன் சாற்றை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கலஞ்சோவில் இருப்பதும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சுதான், அதுவும் பூவில் செறிவு அதிகம். கடையிலோ பூத்த தொட்டியாகத்தான் தருகிறார்கள்! ஒரு கடி கடித்த பூனை பெரும்பாலும் வாந்தி, பேதியோடு தப்பிவிடும். ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்கு எந்த அளவு ஆபத்து என்று வீட்டிலிருந்து கணக்குப் போட முடியாது, அதனால்தான் கறாராகச் சொல்கிறேன்.

ஜன்னலோரம் தொங்கும் ரணகள்ளியும் கலஞ்சோ இனமே. இலை ஓரத்தில் வரிசையாகக் குட்டிச்செடி விடுகிறதே, அதுதான். அதன் நெருங்கிய உறவான செடி ஒன்று ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலங்களில் களையாகப் பரவி மாடுகளையே கொன்றிருக்கிறது. உயரத்தில் தொங்கவிட்டால் போதும் என்ற யோசனை இந்தச் செடியிடம் பலிக்காது. குட்டிச்செடிகள் தாமாக உதிர்ந்து தரைக்கு வரும், பக்கத்துத் தொட்டிகளிலும் வேர் பிடிக்கும். செடியை எடுத்தபின் அதன் கீழிருந்த தொட்டிகளில் மேல்மண்ணை 2 செ.மீ. வழித்தெடு. சில வாரங்களுக்குப் புதிதாக முளைப்பதைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போடு.

ஜேட் பற்றித்தான் குழப்பம். நம் ஊர் நர்சரிகளில் அந்தப் பெயரில் இரண்டு செடிகள் விற்கிறார்கள். இலை 1 முதல் 2 செ.மீ., தண்டு செம்பழுப்பு என்றால் அது போர்ட்டுலகேரியா. தென்னாப்பிரிக்காவில் யானை தின்பதும் மனிதர்கள் சாலட்டில் போடுவதும் அதைத்தான், பயமில்லை. இலை 3 செ.மீ.க்கு மேல், தடித்து, பளபளவென்று, தண்டு சாம்பல் பச்சையாக இருந்தால் அது கிராசுலா. அதைத் தின்ற பூனைக்கு வாந்தி, சோர்வு, நடையில் தள்ளாட்டம் வரும்; காரணமான பொருள் எது என்று இதுவரை கண்டறியப்படவில்லை. படத்தில் அளவு தெரியவில்லை, ஸ்கேல் வைத்து அளந்து பார்.

கொம்புக்கள்ளி, கிறிஸ்து முள் போன்ற பால் வடியும் செடிகளைப் பூனை நுழையாத இடத்துக்கு மாற்று. அந்தப் பால் வாயையும் தோலையும் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். கிளை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்.

சோற்றுக்கற்றாழையில் தொல்லை உள்ளே இருக்கும் சோற்றில் இல்லை, தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் சாற்றில். தலைக்குத் தேய்க்க இலை வெட்டினால் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துச் சாற்றை வடியவிடு, தோலை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடு. பூனையின் புண்ணில் கற்றாழை தடவாதே, நக்கி விழுங்கிவிடும். பாம்புக் கற்றாழையும் வயிற்றைக் கலக்கும், அதையும் கதவு மூடும் அறைக்குக் கொண்டுபோ.

காலியாகும் இடத்தில் பூனைக்கு நஞ்சில்லாத ஹவொர்த்தியா, எச்செவெரியா, கிறிஸ்துமஸ் கள்ளி வை. ஹவொர்த்தியா பார்க்கக் குட்டிக் கற்றாழை மாதிரியே இருக்கும்; இலை நுனியைக் கிள்ளி மஞ்சள் சாறு வந்தால் வாங்காதே. தொட்டி மண்ணின் மேல் பெரிய கூழாங்கல் பரப்பிவிடு. சக்குலன்ட் மண் பொலபொலவென்று இருப்பதால் குட்டிகள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும்.

பூனைக்குத் தழை கடிப்பது இயல்பு, அதட்டி நிறுத்த முடியாது. கோதுமையை இரவு ஊறவைத்து, 5 செ.மீ. மண்ணில் நெருக்கமாகத் தூவி மெல்ல மூடு. ஒரு வாரம், பத்து நாளில் கடிக்கும் உயரம் வந்துவிடும். மஞ்சளாகும் முன் அடுத்த தொட்டி தயாராக இருக்கட்டும். செடிகள் மேல் யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சை எண்ணெய், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அந்த எண்ணெய்கள் பூனைக்கே நஞ்சு, மிளகாய் பாதத்திலிருந்து கண்ணுக்குப் போகும்.

கடித்துவிட்டால்? வாயில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை எடு. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள், செடியின் ஒரு கிளையைப் பையில் போடு. அடினியம், கலஞ்சோ, ரணகள்ளி என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் கிளம்பு. சீக்கிரம் போனால் கரி மருந்து கொடுத்து நஞ்சு உடம்பில் ஏறுவதைக் குறைக்கலாம், இதயத்துடிப்பை ஈ.சி.ஜி.யில் கண்காணிக்கலாம். உப்புத் தண்ணீர், ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதே. முதலாவது ரத்தத்தில் உப்பை ஏற்றும், இரண்டாவது பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கும். பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கூடாது, பூனையைக் கொல்லும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் சுத்தமான வெதுவெதுப்பான நீரால் 10, 15 நிமிடம் கழுவியபடி மருத்துவரைக் கூப்பிடு. பாம்புக் கற்றாழையைக் கடித்து ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு விளையாடினால் ஒரு நாள் கவனித்தால் போதும். வாந்தி தொடர்ந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, தள்ளாடினாலோ தாமதிக்காதே.

நீ இருப்பது புரசைவாக்கம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். இரவில் எங்கே போவது என்பதை மட்டும் இப்போதே விசாரித்து எண்ணைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவை. அடினியத்தை மாடித் தோட்டம் வைத்திருக்கும் உன் தம்பிக்குக் கொடுத்துவிடலாம், அவர் வீட்டில் பூனை இல்லையே. ஜேட் இலை அளவை மறக்காமல் எழுது.

அன்புடன்,
மல்லிகா